வீட்டாருக்குச் செய்தி சொல்லும்போது விடுகிற பிழைகள்

"அம்மாவுக்குக் கொஞ்சம் சுகமில்லை, நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்காதேங்கோ." யாழ்ப்பாணத்து முதியோர் இல்லத்திலிருந்து ரொறன்ரோவுக்குப் போகிற அழைப்பில் இதைவிட யோசிக்க வைக்கிற வசனம் கிடையாது. மகளுக்கு நித்திரை போய்விடும், என்ன நடந்தது என்பது மட்டும் தெரியாது.

நடந்ததை அப்படியே சொல்லுங்கள். "காலை 6 மணிக்குக் குளியலறையில் வழுக்கி விழுந்துட்டா. தலை அடிபடேல்லை. இடது இடுப்பு நோகுதாம், கால் ஊன்ற ஏலாது. 1990 அம்புலன்ஸுக்கு அடிச்சிட்டம், பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போறம். எட்டரைக்குத் திரும்ப எடுக்கிறன்." அரை நிமிடம் போதும். கடைசி வசனத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். விட்டால் மூன்று நாட்டுப் பிள்ளைகளும் மாறி மாறி எடுப்பார்கள், தாதி போனோடேயே நிற்க வேண்டிவரும்.

"வயசு போனால் அப்படித்தான்" என்பது இதைவிட ஆபத்து. நேற்றுவரை வடிவாகக் கதைத்த ஐயா இன்று மகனையே யாரென்று கேட்டால், மறதி என்று நாமே முடிவுகட்டக் கூடாது. முதியவர்களுக்குச் சலத்தில் கிருமி தொற்றினால் காய்ச்சலே இல்லாமல் குழப்பம் மட்டும் வரலாம். தண்ணீர் குறைந்தாலும், புதுக் குளிசை தொடங்கினாலும் வரும். சலரோகக்காரர் என்றால் உடனே சீனியைக் குத்திப் பாருங்கள், அந்த அளவையும் வீட்டாருக்குச் சொல்லுங்கள். முகம் கோணி, பேச்சுக் குழறினால் முதலில் அம்புலன்ஸ், அப்புறம்தான் பிள்ளைகள்.

சரி, யாருக்குச் சொல்வது? காசு அனுப்புகிற மூத்த மகனுக்குச் சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் கோண்டாவிலிலிருந்து சைக்கிளில் சோறு கொண்டுவருகிற பெறாமகளை மறந்துவிடுகிறார்கள். ஆஸ்பத்திரியில் பக்கத்தில் நிற்கப்போவது அவர்தானே! இல்லத்தில் சேர்க்கிற அன்றே முதியவரிடம் கேட்டுப் பெயர்களை எழுதி வையுங்கள். சிலருக்குச் சில பிள்ளைகள் அறியக் கூடாது என்றும் இருக்கும். அது அவர்கள் விருப்பம்.

ரொறன்ரோ குளிர்காலத்தில் நமக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், கோடையில் ஒன்பதரை. நிறை குறைந்தது, குளிசை மாற்றியது எல்லாம் அங்கே விடியும்வரை பொறுக்கலாம். விழுந்தால், ஆஸ்பத்திரிக்கு ஏற்றினால் நடுச்சாமம் என்றாலும் எடுங்கள். "நித்திரையைக் குழப்பக் கூடாதென்று விட்டோம்" என்ற சாட்டை மன்னித்த பிள்ளையை நான் இன்னும் காணவில்லை.

எடுத்ததும் கொப்பியில் குறியுங்கள்: எத்தனை மணி, யாரோடு கதைத்தது, என்ன சொன்னது. இல்லாவிட்டால் காலையில் வேலைக்கு வருகிறவர் அதே மகளுக்கு வேறொரு கதை சொல்லுவார்.