க்ரூஸ் கன்ட்ரோல் வேலை செய்யவில்லையா? முதலில் காரின் பின்பக்கம் போங்கள்

என்னுடையது 1985 மாடல் அமெரிக்க செடான். வேக்குவத்தில், அதாவது எஞ்சின் காற்றை உறிஞ்சும் இழுப்பில், இயங்கும் க்ரூஸ் கன்ட்ரோல் (நாம் வைத்த வேகத்தைத் தானே பிடித்துக்கொள்ளும் வசதி) ஒருநாள் செட்டே ஆகவில்லை. எலக்ட்ரானிக் பெட்டியைச் சந்தேகித்து இரண்டு வாரம் வீணாக்கினேன்.

நீங்கள் பிரேக் விளக்கிலிருந்து ஆரம்பியுங்கள். அந்தக் காலத்துக் கார்கள் பலவற்றில் க்ரூஸ் சர்க்யூட்டுக்கு எர்த் கிடைப்பதே பிரேக் பல்பின் இழை வழியாகத்தான். பல்பு போயிருந்தாலும், எல்இடி மாட்டியிருந்தாலும் பிரேக் மிதித்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். நான் ஆசைப்பட்டு எல்இடி மாட்டியிருந்தேன்! பழைய பல்பைப் போட்டதும் க்ரூஸ் செட் ஆனது. ஆனால் மேடேறினால் வேகம் நழுவியது.

அது வேக்குவம் கசிவு. எஞ்சினை அணைத்து, த்ராட்டிலை (எஞ்சினுக்குள் காற்றை விடும் கதவை) இழுக்கும் சர்வோவின் ஹோஸ்களைக் கழற்றுங்கள். சர்வோவின் ரப்பர் சவ்வான டயாஃப்ரத்தை உள்ளே அமுக்கி, ஹோஸ் மாட்டும் வாய்களை விரலால் அடைத்துவிட்டு, அமுக்கிய கையை எடுங்கள். அப்படியே நின்றால் சர்வோ நல்லது. மெல்ல வெளியே வந்தால் உள்ளே கிழிசல். என்னுடையது நின்றது. ஹோஸ் முனைதான் அப்பளமாக நொறுங்கியது. அரை அங்குலம் வெட்டிச் சொருகினேன்.

பிரேக் பெடலுக்கு மேலுள்ள வேக்குவம் வால்வு, பிரேக் மிதித்ததும் திறந்து க்ரூஸை விடுவிக்கும்; காலை எடுத்ததும் இறுக மூட வேண்டும். அதை நிரந்தரமாக அடைத்துவிடும் குறுக்குவழி மட்டும் வேண்டவே வேண்டாம்.

மணிக்கு 40 கிலோமீட்டருக்குக் கீழே பெரும்பாலும் செட் ஆகாது. காலிச் சாலையில், பிரேக் மேல் கால் தயாராக வைத்துச் சோதியுங்கள்.