கொழும்பில் முதன்முறையாக மனநல உதவி தேடுபவருக்கு: எங்கே தொடங்குவது, என்ன சொல்வது

கொழும்பில் தமிழில் பேசி மனநல உதவி பெற முடியும். அரச மருத்துவமனையில் அந்தச் சிகிச்சைக்குக் கட்டணமும் இல்லை. இந்த இரண்டும் தெரியாததால் மாதக்கணக்கில் தனியாகச் சமாளித்துக்கொண்டிருப்பவர்கள் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மட்டக்குளியிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். இதுவரை ஒரு மனநல மருத்துவரையோ உளவளத்துணையாளரையோ சந்தித்தே இராதவர் முதல் அழைப்பிலிருந்து தொடர் சிகிச்சை வரை என்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

அதற்கு முன் ஒன்று. உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் இந்தப் படிகளையெல்லாம் வாசித்துக்கொண்டிருக்க வேண்டாம். 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். ஆபத்து உடனடியானது என்றால் 1990, சுவசெரிய அம்பியூலன்ஸ். அதற்கும் காசு இல்லை. வீட்டில் ஒருவர் இந்த நிலையில் இருந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளையும் பூச்சிமருந்தையும் அவர் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். பொலிஸ் வழக்காகிவிடும் என்று பயந்து மறைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. இலங்கையில் தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 1998இலேயே நீக்கப்பட்டுவிட்டது. தயங்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

படி 1: போக வேண்டிய நிலையா என்று பாருங்கள்

மருத்துவர்கள் மனச்சோர்வை மதிப்பிடும்போது குறைந்தது இரண்டு கிழமைகளைக் கணக்கில் எடுப்பார்கள். அந்த இரண்டு கிழமையில் பெரும்பாலான நாட்களில் மனம் இருண்டு கிடந்ததா, வழக்கமாகப் பிடித்த எதிலும் நாட்டம் இல்லையா, தூக்கமும் சாப்பாடும் குழம்பியதா, ஒரு விஷயத்தில் கவனம் நிற்கவில்லையா என்று கேட்பார்கள். நம்மவர்களுக்கு இது பல நேரம் உடம்பு வழியாகத்தான் தெரியவரும்: தலை விறைப்பு, நெஞ்சு அடைப்பு, கை கால் உளைவு, வயிற்றுப் பிரட்டல். இசிஜியும் இரத்தப் பரிசோதனையும் சரி என்று வந்த பிறகும் நெஞ்சு படபடக்கிறது என்றால் மனநலப் பக்கமும் பார்க்க வேண்டிய நேரம் அது.

என் அளவுகோல் இதைவிடச் சுருக்கமானது. வேலை, படிப்பு, சமையல், பிள்ளையைப் பார்ப்பது போன்ற அன்றாடக் காரியங்களில் ஒன்று உங்கள் கையைவிட்டுப் போகிறது என்றால் போங்கள். 83 கலவரத்தையும் போரையும் தாண்டி வந்தவர்கள் இருக்கும் வீடுகளில் "நாங்கள் படாத பாடா" என்ற பேச்சு வரும். அவர்கள் பட்டது உண்மை. உங்களுக்கு இப்போது தூக்கம் வரவில்லை என்பதும் உண்மை.

படி 2: யாரிடம் போவது

மனநல மருத்துவர் ஒரு வைத்தியர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார். உளவியலாளர் மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் தருவார், மருந்து எழுதமாட்டார். உளவளத்துணையாளர் குடும்பப் பிரச்சினை, இழப்பு, வேலை நெருக்கடி போன்றவற்றைப் பேசித் தெளிய உதவுவார்.

எதுவும் விளங்கவில்லை என்றால் குடும்ப வைத்தியரிடமோ மனநல மருத்துவரிடமோ முதலில் போவதே நல்லது என்பது என் கருத்து. தைரொய்ட் குறைபாடும் இரத்தச்சோகையும் மனச்சோர்வு போலவே தோற்றம் காட்டும். ஒரு இரத்தப் பரிசோதனையில் அதைப் பிரித்தறியலாம்.

வைத்தியர் இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். உளவளத்துணையாளர் என்றால் எங்கே படித்தார், எத்தனை வருடப் பயிற்சி, யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார் என்று கேட்டுவிடுங்கள். இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. நல்லவர் தயங்காமல் பதில் சொல்வார்; கோபப்படுபவரிடம் போகாதீர்கள்.

கொச்சிக்கடை அந்தோனியாரிடமோ பம்பலப்பிட்டிக் கதிரேசன் கோயிலிலோ நேர்த்தி வைத்திருந்தால் அதை விட வேண்டியதில்லை. மருந்தை மட்டும் அதற்காக நிறுத்தாதீர்கள்.

படி 3: எங்கே போவது

அரச பக்கத்தில் கொழும்பு தேசிய வைத்தியசாலை, களுபோவில போதனா வைத்தியசாலை, முல்லேரியாவில் உள்ள தேசிய மனநல நிறுவகம் ஆகிய மூன்றிலும் மனநலச் சிகிச்சை உண்டு. பிள்ளைகளுக்குப் பொரளை லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை. வெளிநோயாளர் பிரிவில் காட்டி அங்கிருந்து அனுப்பப்படலாம். குடும்ப வைத்தியரின் கடிதம் கையில் இருந்தால் வழி இன்னும் இலகு. விடியவே போய் நம்பர் எடுங்கள். பதிந்த பிறகு கிளினிக் கொப்பி தருவார்கள். ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டுபோக வேண்டும். மருந்தும் பெரும்பாலும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

தேசிய மனநல நிறுவகம்தான் ஒரு காலத்தில் அங்கொடை ஆஸ்பத்திரி எனப்பட்டது. அந்த ஊர்ப்பெயரை ஏச்சாகப் பயன்படுத்திப் பழகிவிட்டதால் பலர் அந்தப் பக்கமே போகப் பயப்படுகிறார்கள். அங்கே போகிற எல்லோரையும் வார்டில் சேர்ப்பதில்லை. கிளினிக்குக்கு வந்து, மருந்து எடுத்து, வீட்டுக்குத் திரும்பி, மறுநாள் வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம்.

தனியார் பக்கம் என்றால் மருத்துவரைச் சனல் செய்ய, அதாவது முன்பதிவு செய்ய வேண்டும். பெரும்பாலும் மாலை நேரம். வைத்தியர் கட்டணத்துக்கு மேலே ஆஸ்பத்திரிக் கட்டணமும் சேரும். பதியும்போதே மொத்தத்தைக் கேளுங்கள். வெளியே நம்பர் வரிசை நீளமாக இருந்தால் உள்ளே பேசக் கிடைக்கும் நேரம் குறையும். ஆறுதலாகப் பேச விரும்பினால் கூட்டம் குறைந்த நாளையோ, முன்பதிவில் முழு நேரம் தரும் உளவியலாளரையோ தெரிவு செய்யுங்கள்.

சிகிச்சை வேண்டாம், யாராவது குறுக்கிடாமல் கேட்டால் போதும் என்ற நிலையா? ஹோர்ட்டன் பிளேசில் உள்ள சுமித்ரயோ 1974 முதல் அதைச் செய்துவருகிறது. அங்கே இருப்பவர்கள் பயிற்சி பெற்ற தொண்டர்கள், காசு வாங்கமாட்டார்கள். CCC அறக்கட்டளை என்ற வேறொரு அமைப்பு நடத்தும் 1333 என்ற இலவச இலக்கத்திலும் பேசலாம்.

படி 4: அழைப்பை எடுங்கள்

பலரும் நின்றுவிடும் இடம் இதுதான். என்ன பேசுவது என்று தெரியாமல் கையில் போனோடு இருப்பார்கள். இதைப் பார்த்தே வாசியுங்கள்:

"வணக்கம் மிஸ். மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்க வேண்டும். முதல்முறை வருகிறேன். தமிழில் பேசக்கூடியவர் யார் இருக்கிறார்? எந்த நாள், எத்தனை மணி? மொத்தம் எவ்வளவு வரும்?"

வருத்தத்தின் விபரத்தைத் தொலைபேசியில் சொல்லக் கட்டாயம் இல்லை. கேட்டால், "அதை டொக்டரிடம் சொல்கிறேன்" என்று விடுங்கள்.

தமிழ் தெரிந்தவரை விடாமல் கேளுங்கள். வங்கியிலும் கச்சேரியிலும் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ சமாளித்துவிடலாம். இரவு இரண்டு மணிக்கு வரும் பயத்தை எந்த மொழியில் நினைக்கிறோமோ அந்த மொழியில்தான் சரியாகச் சொல்ல வரும். தமிழ் தெரிந்தவர் கிடைக்காவிட்டால் நம்பிக்கையான பெரியவர் ஒருவரை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லுங்கள். பிள்ளையை வைத்து அம்மாவின் வேதனையை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பத்து வயதுப் பிள்ளை "அம்மாவுக்கு வாழப் பிடிக்கவில்லையாம்" என்று சொல்ல வேண்டி வரும். அம்மாவும் பிள்ளைக்காகப் பாதியை மறைப்பார்.

படி 5: ஒரு பக்கம் எழுதிக்கொண்டு போங்கள்

இந்தப் படி ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். உள்ளே போய் உட்கார்ந்ததும் கண்ணீர் வரும், அல்லது ஒன்றுமே வராது. "சும்மா ஒரு மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்த பிறகு எல்லாம் ஞாபகம் வரும். அதனால் ஒரு கொப்பித் தாளில் முதல்நாளே எழுதுங்கள். நல்ல தமிழ் வேண்டாம், நினைப்பதுபோல எழுதுங்கள். இப்படி:

"தைப்பொங்கலுக்குப் பிறகு தொடங்கியது. அப்பா இறந்து நான்கு மாதம். இரவு பன்னிரண்டுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு முழிப்பு, பிறகு தூக்கம் இல்லை. உடுப்பு தொளதொளக்கிறது. பஸ்ஸில் நெரிசல் என்றால் நெஞ்சு அடிக்கிறது, இடையில் இறங்கிவிடுகிறேன். தேத்தண்ணி ஆறேழு. முன்பிருந்தே பிரஷருக்குக் குளிசை எடுக்கிறேன், பெயர் இது. மாமா ஒருவருக்கும் இப்படி இருந்தது. சில நேரம் செத்தால் நல்லது என்று தோன்றும், ஆனால் ஒன்றும் செய்யவில்லை."

மருத்துவருக்கு வேண்டியது ஏறத்தாழ எல்லாம் இதில் இருக்கிறது: எப்போது தொடங்கியது, தூக்கம், சாப்பாடு, உடம்பு, எடுக்கும் மருந்து, குடும்பத்தில் யாருக்கு, உயிராபத்து உண்டா. குடி, சிகரெட், தூக்க மாத்திரை பழக்கம் இருந்தால் அதையும் சேருங்கள். மறைத்தால் தரும் மருந்து பிழையாகிவிடலாம். வாய் திறந்து சொல்ல முடியாத வரியை விரலால் தொட்டுக் காட்டினாலும் போதும்.

படி 6: உள்ளே

பெயர், வயது, வேலையில் தொடங்கிக் கேள்விகள் வரும். இன்று என்ன திகதி என்றும் கேட்கலாம், வேறு யாருக்கும் கேட்காத குரல் காதில் கேட்கிறதா என்றும் கேட்கலாம். உங்களைப் பைத்தியம் என்று நினைத்துக் கேட்பதில்லை. எல்லோரிடமும் கேட்கும் கேள்விகள் அவை.

கூட வந்தவர் உள்ளே வந்துவிட்டால், "கொஞ்ச நேரம் நான் தனியாகப் பேச வேண்டும்" என்று மருத்துவரிடமே சொல்லுங்கள். அவர் அவர்களை வெளியே இருக்கச் சொல்வார். வீட்டுக்குள்தான் பிரச்சினை என்றால் இது மிக முக்கியம். நீங்கள் சொல்வது வெளியே போகாது. உங்கள் உயிருக்கோ இன்னொருவர் உயிருக்கோ ஆபத்து என்பது போன்ற நிலைகளில்தான் அதில் விதிவிலக்கு.

வெளியே வருமுன் மூன்று கேள்விகள்: எனக்கு என்ன என்று நினைக்கிறீர்கள்? மருந்தா, பேச்சுவழிச் சிகிச்சையா, இரண்டுமா? அடுத்து எப்போது வர வேண்டும்?

படி 7: மருந்து தந்தால்

மனச்சோர்வுக்குத் தரும் மருந்துகள் உடனே வேலை செய்வதில்லை. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு கிழமை, சிலருக்கு அதைவிடக் கூட ஆகும். ஆனால் குமட்டல், தலையிடி போன்ற பக்கவிளைவுகள் முதல் கிழமையிலேயே வரலாம். அதனால்தான் பலர் "ஒத்துவரவில்லை" என்று பாதியில் விட்டுவிடுகிறார்கள். மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். சுகமான பிறகும் சில மாதங்கள் தொடரச் சொல்வார்கள். முதல் கிழமைகளில் பதற்றமோ சாகும் எண்ணமோ கூடினால், குறிப்பாக இளவயதினருக்கு, அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இந்த மருந்துகளுக்கு அடிமையாகிவிடுவோம் என்ற பயம் பொதுவானது. போதைப் பழக்கம் போன்ற நாட்டத்தை அவை உண்டாக்குவதில்லை. நிறுத்தும்போது மட்டும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். பழக்கமாகக்கூடியவை டயசிபாம் வகைத் தூக்க, பதற்ற மாத்திரைகள். அவற்றைச் சொன்ன நாட்களுக்கு மேல் நீட்டாதீர்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட குளிசை உங்களுக்கும் கேட்கும் என்று வாங்கவும் வேண்டாம்.

படி 8: தொடர்ந்து போவதும் ஆளை மாற்றுவதும்

பேச்சுவழிச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. சிந்தனை நடத்தைச் சிகிச்சை என்ற முறை பெரும்பாலும் ஆறு முதல் இருபது சந்திப்பு வரை போகும். வீட்டில் செய்ய வேலையும் தருவார்கள். காசு கட்டுப்படியாகாவிட்டால் திடீரென்று போகாமல் விடாதீர்கள். அதைச் சொன்னால் இடைவெளியைக் கூட்டவோ அரச கிளினிக்குக்கு மாற்றவோ வழி இருக்கும்.

மூன்று நான்கு சந்திப்புக்குப் பிறகும் அவரிடம் மனம் திறக்க முடியவில்லை என்றால் வேறொருவரிடம் போகலாம். சொன்னதைக் கேட்காமல் புத்திமதி மட்டும் சொல்பவர், சாதியையோ மதத்தையோ உங்கள் திருமணத்தையோ தீர்ப்புச் சொல்லும் தொனியில் பேசுபவர் என்றால் அடுத்த முறைகூடத் தேவையில்லை. போகுமுன் நோய் பற்றிய விபரமும் இதுவரை தந்த மருந்தும் அளவும் எழுதிய கடிதம் ஒன்று கேட்டு வாங்குங்கள். மறுத்தால் கிளினிக் கொப்பியையும் மருந்துத் துண்டுகளையும் படம் எடுத்து வையுங்கள். புதியவரிடம் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்லி அழ வேண்டியிராது.