வடிவான கோப்பை, வழியும் சொதி: கொழும்பில் மேசைச் சாமான் வாங்கும்போது விடும் பிழைகள்

கொழும்பின் டிசைனர் கடைகளில் இப்போது ஒரே வகைச் சாப்பாட்டுக் கோப்பையைத்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். விளிம்பு கிடையாது, குழிவு கிடையாது. சாம்பல் அல்லது மண் நிறம், பளபளப்பில்லாத மேற்பூச்சு. படமெடுத்தால் வடிவாகத்தான் இருக்கும். ஒரு துண்டு இறைச்சியையும் நாலு கீரை இலையையும் வைத்துக் கத்தி, முள்ளுக்கரண்டியால் சாப்பிடுகிறவர்களுக்காக வரைந்த கோப்பை அது. நடுவில் சோற்றைப் போட்டு, சுற்றிவரப் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்து, கடைசியில் சொதியை விட்டுக் குழைக்கிற வீட்டில் அந்தச் சொதி மேசைவிரிப்பில்தான் போய் நிற்கும். 26 முதல் 28 சென்ரிமீற்றர் அகலம், நடுவில் கொஞ்சம் குழிவு, சோற்றை ஒதுக்கிப் பிடிக்க ஒரு விளிம்பு: நம் சாப்பாட்டுக்கு இவ்வளவும் வேண்டும்.

அந்த மேற்பூச்சில் இன்னொரு சிக்கலும் உண்டு. நாங்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். சொரசொரப்பான கோப்பையில் கடைசிச் சோற்றை விரலால் வழிக்கும்போது நகம் உரசிப் பல் கூசும். கடையில் யாரும் இதைச் சொல்லித் தரமாட்டார்கள். வாங்குமுன் நடுவிரல் நகத்தால் கோப்பையை ஒருமுறை வழித்துப் பாருங்கள். கூசினால் அங்கேயே வைத்துவிடலாம். கரண்டி பட்ட இடத்தில் பென்சில் கீறியதுபோல் சாம்பல் கோடுகள் விழுவதும் இந்த வகையில்தான். கோப்பை கீறுப்படவில்லை, கரண்டியின் உலோகம் அதில் ஒட்டிக்கொள்கிறது. மென்மையான துப்புரவுப் பசையால் தேய்த்தால் போகும். மஞ்சள் கறை அவ்வளவு சுலபமாகப் போகாது. ஆனால் மஞ்சளின் நிறம் வெளிச்சத்துக்குத் தாங்காது என்பதால், கழுவி இரண்டொரு நாள் வெயிலில் வைத்தால் மங்கும்.

மைக்ரோவேவை யோசிக்காமல் வாங்குவது அடுத்த பிழை. தங்கக் கரை போட்ட கோப்பையை உள்ளே வைத்தால் பொறி பறக்கும். சில கைவினை மண்கோப்பைகள் கழுவும்போதே அடிப்பக்கத்தால் தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும். சூடாக்கினால் கோப்பை கையைச் சுடும், உள்ளே கறி ஆறியபடியே கிடக்கும். சதுரக் கோப்பை சிறிய மைக்ரோவேவில் சுற்றாமல் மூலையில் இடித்து நிற்கும். வீட்டு மைக்ரோவேவின் உள்ளே சுற்றும் கண்ணாடித் தட்டின் அகலத்தை அளந்துகொண்டு கடைக்குப் போவது நல்லது.

போன் சைனா என்ற மெல்லிய வெள்ளைப் பீங்கான் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கல்யாணப் பரிசாக அதிகம் கைமாறுவது அதுதான். அதில் இருப்பது உண்மையிலேயே எலும்புச் சாம்பல், பெரும்பாலும் மாட்டெலும்பு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட்டில் ஜொசாயா ஸ்போட் செம்மைப்படுத்திய கலவையில் ஏறத்தாழப் பாதி எலும்புச் சாம்பல்தான். மீதி வெண்களியும் ஒருவகைக் கல்லும். அந்த இலேசான பால் வெள்ளையும், வெளிச்சத்தில் பிடித்தால் விரல் நிழல் தெரிவதும், மெல்லியதாக இருந்தும் சட்டென்று உடையாத உறுதியும் அதனால்தான் வருகின்றன. நல்ல பொருள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறெதுவும் அடுப்பில் ஏறாத சைவ வீடுகளிலும், சுவாமிக்குப் படைக்கத் தனிப் பாத்திரம் வைத்திருக்கும் வீடுகளிலும் இதை அறியாமல் அலுமாரியில் வைத்திருப்பவர்கள் கனபேர். தெரிந்து வைத்திருப்பது அவரவர் விருப்பம். பரிசு கொடுக்கிறவர் மட்டும் பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை வாசிக்க வேண்டும். வெறும் போசலின் என்ற சாதாரண வெள்ளைப் பீங்கானில் எலும்புச் சாம்பல் இல்லை. தங்கொட்டுவவிலும், மாத்தளையில் நொரிட்டாக்கே நிறுவனமும் செய்கிற போசலின் கோப்பைகள் உலகின் பல நாடுகளுக்குப் போகின்றன. உள்ளூர்ச் சாமான் என்று அதைத் தாண்டிப் போய், அதைவிட மட்டமான இறக்குமதிக்கு இரட்டை விலை கொடுப்பது எனக்கு விளங்காத ஒன்று.

மெலமைன் என்ற கெட்டிப் பிளாஸ்ரிக் கோப்பைக்கு ஒரு வரி போதும்: 70 பாகை செல்சியசுக்கு மேல் சூடான எதையும் அதில் நெடுநேரம் வைக்க வேண்டாம், மைக்ரோவேவில் அறவே வேண்டாம்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம், அதுவும் மரைன் டிரைவைப் பார்த்த தொடர்மாடியில் இருக்கிறவர்கள் உலோகச் சாமானில் கவனமாக இருக்க வேண்டும். கடல் காற்றில் வரும் உப்பு எதையும் விடாது. கறுப்புப் பெயின்ட் அடித்த இரும்புக் கம்பிப் பழக்கூடை, மெழுகுதிரித் தாங்கி எல்லாம் மூட்டு மூட்டாகத் துருப்பிடிக்கும். கரண்டியில் 18/10 என்று பொறித்திருந்தால் அதில் 18 வீதம் குரோமியமும் 10 வீதம் நிக்கலும் இருக்கிறதென்று கணக்கு. 18/0 என்றால் நிக்கல் இல்லை, துருவை அவ்வளவு தாங்காது. சிறு காந்தம் ஒன்றைக் கொண்டுபோனால் போதும். 18/0 கரண்டியில் இறுக ஒட்டும், 18/10இல் அநேகமாக ஒட்டாது. கத்தியை மட்டும் இப்படிச் சோதிக்க முடியாது. கூர் நிற்பதற்காக அதை வேறு உருக்கில் செய்வதால் நல்ல கத்தியிலும் காந்தம் ஒட்டும்.

பித்தளையில் பழக்கதோஷத்தால் வரும் பிழை புளி. விளக்கையும் செம்பையும் புளி போட்டு விளக்கிய கை, டிசைனர் பித்தளைக் கிண்ணத்தையும் அப்படியே தேய்க்கிறது. அலங்காரப் பித்தளையில் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வார்னிஷ் பூச்சு இருக்கும். அது சில இடத்தில் உரிந்து சில இடத்தில் நிற்க, பாத்திரம் தேமல் விழுந்தாற்போல் ஆகிவிடும். ஈரத்துணியால் துடைத்தால் போதும். அந்தக் கிண்ணத்தில் ஊறுகாயோ அச்சாறோ பரிமாறவும் வேண்டாம். புளிப்பு, பித்தளையில் உள்ள செம்பைக் கரைக்கும்.

பனையோலைப் பெட்டி, பிரம்புத் தட்டு, மரக்கிண்ணம் எல்லாம் கொழும்பின் ஈரப்பதத்தில் மூடிய அலுமாரிக்குள் கிடந்தால் பூஞ்சணம் பிடிக்கும். யாழ்ப்பாணத்து வெயிலில் பின்னிய பெட்டிக்கு இங்கே காற்றாவது வேண்டும்.

எல்லாவற்றையும் ஒரே கடையில் அள்ளுவதும் ஒரு பிழைதான், ருசி சம்பந்தப்பட்ட பிழை. பார்பரா சன்சோனி தொடங்கிய பெயார்ஃபுட் கடையின் கைத்தறி நிறங்களையோ பரடைஸ் ரோட் கடையின் கறுப்பு வெள்ளையையோ இந்நகரத்தில் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம். மேசைவிரிப்பு, கப், குஷன் மூன்றும் ஒரே இடத்தில் வாங்கினால் வீட்டுக்கு வருகிறவர் உட்காருமுன் மெனு கேட்பார்.

செட்டாக வாங்குமுன், உடைந்ததற்கு ஈடாகத் தனிக்கோப்பை கிடைக்குமா என்று கேளுங்கள். டிசைனர் வடிவங்கள் சீக்கிரம் நின்றுவிடும். கிடைக்காது என்றால் ஆறு பேருக்கு எட்டாக வாங்கி வைப்பதே கெட்டித்தனம். பெட்டியைக் கடையிலேயே திறந்து, கோப்பைகளை ஒவ்வொன்றாகக் கண்ணாடி மேசையில் வைத்து எதிரெதிர் விளிம்புகளை அழுத்துங்கள். ஆடினால் மாற்றச் சொல்லுங்கள். பிறகு அடியில் ஒரு விரலைக் கொடுத்துத் தூக்கி, விளிம்பில் இலேசாகத் தட்டுங்கள். நல்ல போசலின் கணீரென்று ஒலிக்கும். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பிருந்தால் சத்தம் அமுங்கி வரும். அடிவளையத்தையும் தடவிப் பாருங்கள். அது சொரசொரப்பாக இருந்தால் அடுக்கி வைக்கும்போது கீழ்க்கோப்பையின் முகத்தையும், இழுக்கும்போது மேசையையும் கீறிவிடும்.