புது டேப்லெட்டா? முதலில் கடை வாசல் வெயிலுக்குக் கொண்டு வாருங்கள்

கீழக்கரையில் இருந்து அக்கா மகன் போன் போட்டு, "மாமா, புதுசா ஒரு டேப் வந்திருக்கு, வாங்கிடவா?" என்றான். அது சந்தைக்கு வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. வாங்காதே என்று சொல்லவில்லை, இப்போது வேண்டாம் என்றேன். அவனிடம் சொன்னதைத்தான் எழுதுகிறேன், தொண்டியில் இருந்து வாலிநோக்கம் வரை உப்புக்காற்றில் குடியிருக்கிற யாருக்கும் பொருந்தும்.

பெட்டி மேல் 8 ஜிபி ரேம் என்று கொட்டை எழுத்தில் இருந்தால் கீழே உள்ள பொடி எழுத்தையும் படியுங்கள். சிலதில் அது 4 + 4. நிஜ ரேம் 4 தான், மிச்சம் ஸ்டோரேஜில் இருந்து வாங்கின கடன், அது ரேம் வேகத்துக்குப் பக்கத்தில்கூட வராது. ஸ்டோரேஜில் இரண்டு வகை உண்டு, இஎம்எம்சியா யுஎஃப்எஸ்ஸா என்றும் கேளுங்கள், யுஎஃப்எஸ்தான் வேகம். கடைக்காரர் முழித்தால் நீங்களே நெட்டில் மாடல் பெயரைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம் ஸ்கிரீன். ராமநாதபுரத்துக் கடைகளில் ஏசியும் டியூப்லைட்டுமாக இருக்கும், அதற்குள் எல்லா ஸ்கிரீனும் அழகுதான். டெமோ பீஸைக் கேட்டு வாங்கி வாசலுக்கு வாருங்கள், பிரைட்னஸை முழுசாக ஏற்றி, இருட்டான காட்சி வருகிற வீடியோ ஏதாவது ஓடவிடுங்கள். படத்துக்குப் பதில் உங்கள் மூஞ்சியும் பின்னால் நிற்கிற ஆட்டோவும் தெரிந்தால் அது வீட்டுக்குள் வைத்துப் பார்க்கிற பொருள், கடற்கரைக்கு ஆகாது. சூடேறினால் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதையும் மறக்க வேண்டாம். ஐபேடையே 35 டிகிரிக்குள் பயன்படுத்தச் சொல்கிறது ஆப்பிள், நம்ம ஊர்ச் சித்திரை வெயிலில் மணல்மேல் வைத்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள்.

நான் அடிபட்ட இடம் சார்ஜிங் போர்ட். பாம்பனில் ஜன்னல் ஓரம் இரண்டு வருஷம் கிடந்த டேப், ஒருநாள் கேபிளைச் சொருகினால் ஏறவில்லை. டார்ச் அடித்து உள்ளே பார்த்தால் நடு நாக்கில் பித்தளைக் குத்துவிளக்கில் படிகிற மாதிரி பச்சைக் களிம்பு. மதுரை வரைக்கும் தூக்கிக்கொண்டு போனேன், சர்வீஸில் ஈரம் புகுந்திருக்கிறது, வாரண்டியில் வராது என்று இரண்டே வரியில் முடித்துவிட்டார்கள். தண்ணீர் புகாது என்கிற ஐபி68 முத்திரை இருக்கிறதே என்று நம்பாதீர்கள், அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் நடப்பது, உப்புத் தண்ணீருக்கு அது உத்தரவாதம் இல்லை. போர்ட்டுக்கு ஒரு ரப்பர் மூடி, ராத்திரி ஜன்னலை விட்டுத் தள்ளி அலமாரிக்குள் வைப்பது, இவ்வளவுதான் நான் இப்போது செய்கிறேன்.

படகுக்கு எடுத்துப் போகலாமா என்று கேட்கிறவர்களுக்கு: ஜிபிஎஸ் வேலை செய்ய செல்போன் சிக்னல் வேண்டாம், ஆனால் டேபுக்குள் ஜிபிஎஸ் சிப் இருக்க வேண்டுமே! வைஃபை மட்டும் உள்ள ஐபேடில் அது கிடையாது, செல்லுலார் மாடலில்தான் உண்டு. சிப் இருந்தாலும் மேப்பைக் கரையிலேயே இறக்கி வைத்திருக்க வேண்டும். இலங்கை எல்லைக்கோட்டுக்கு இதை நம்பி வடகடலுக்கு, அதாவது பாக் விரிகுடாப் பக்கம், போகவே போகாதீர்கள், அதற்குப் படகு ஜிபிஎஸ்தான்.

2011இல் மத்திய அரசு மாணவர்களுக்காகக் கொண்டுவந்த ஆகாஷ் டேப்லெட் வந்தபோது நாடே பேசியது, விலை அவ்வளவு மலிவு. 256 எம்பி ரேம், அழுத்தி அழுத்தித் தொட வேண்டிய ஸ்கிரீன், பேச்சு எவ்வளவு சீக்கிரம் கிளம்பியதோ அவ்வளவு சீக்கிரம் அடங்கியது. அதனால் மூன்று மாதம் பொறுங்கள். வாங்கினவர்கள் புலம்ப ஆரம்பித்திருப்பார்கள், அப்டேட் ஒழுங்காக வருகிறதா என்று தெரியும், கவரும் கிளாஸும் ஊருக்குள் கிடைக்கும், விலையும் கொஞ்சம் இறங்கலாம். அதுக்குள்ளே போன வருஷ மாடலில் இதே பிராசஸர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள், பல தடவை இருக்கும்.

இவ்வளவையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி மாமா" என்று வைத்தான். மூன்று நாளாக ஒரு போனும் இல்லை. வாங்கிவிட்டான் போல.