ராட்சத மிருகக் காட்சியை மினியேச்சரில் மறுபடி எடுப்பது எப்படி

1954-ல் டோஹோ நிறுவனம் எடுத்த முதல் 'காட்ஸில்லா'வில் மிருகம் டோக்கியோவை மிதித்துப் போகும் காட்சியைத் தாங்களும் எடுத்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலர். பெரும்பாலும் ஆள் உள்ளே நின்று நடிக்கும் மிருக உடை தைப்பதில் தொடங்குவார்கள், அங்கேயே காசும் பொறுமையும் தீர்ந்துவிடும். முதலில் முடிவாக வேண்டியது அளவு விகிதம். செட்டில் இருக்கும் அத்தனை பொருளும் அந்த ஒரே எண்ணுக்குக் கட்டுப்பட்டால்தான் பொம்மை நகரம் நகரமாகத் தெரியும்.

அந்தப் படத்தின் விசேஷக் காட்சிகளை எடுத்த எய்ஜி சுபுராயா குழுவின் விகிதம் 1:25, அதாவது நிஜத்தில் 25 மீட்டர் இருப்பது செட்டில் 1 மீட்டர். கதைப்படி மிருகம் 50 மீட்டர். உடைக்குள் ஆள் நின்றால் சுமார் 2 மீட்டர். அதையே வைத்துக்கொள்ளுங்கள். 3 மீட்டர் மாடி 12 செ.மீ. ஆகும், கதவு 8 செ.மீ., 8 மீட்டர் மின்கம்பம் 32 செ.மீ., பத்து மாடிக் கட்டடம் 1.2 மீட்டர். கார்களுக்கு 1:24 மாடல்கள் கடையிலேயே கிடைக்கும், அந்தச் சிறு வித்தியாசம் கண்ணுக்குப் படாது. ஆனால் ஒரே ஃபிரேமில் 1:18 காரையும் 1:43 காரையும் சேர்த்து வைத்தால் பார்ப்பவர் உடனே பொம்மையைக் கண்டுகொள்வார்.

அடுத்தது வேகம். இங்கேதான் நிறைய முயற்சிகள் தோற்கின்றன. 30 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் தரையைத் தொட ஏறக்குறைய 2.5 நொடி ஆகும். 1.2 மீட்டர் மாடலின் உச்சியிலிருந்து விழுந்தால் அரை நொடிதான். அதாவது ஐந்து மடங்கு வேகம். சினிமா நொடிக்கு 24 ஃபிரேமில் (தனித்தனிப் படங்களில்) ஓடுகிறது, ஆகவே விகிதத்தின் வர்க்கமூலத்தை 24-ஆல் பெருக்குங்கள்: 25-க்கு 5, எனவே நொடிக்கு 120 ஃபிரேம். இந்த வேகம் இன்று பல கைபேசிகளிலேயே இருக்கிறது. கட்டடம் இடிவதை இதில் எடுத்து 24-ல் ஓட்டினால் எடை தானாக வந்துவிடும். மிருகம் நடப்பதும் சண்டையிடுவதும் 120-ல் சோர்வாகத் தெரியும். எடிட்டிங்கில் ஒன்றுவிட்டு ஒரு ஃபிரேமை நீக்கி, 60-ல் எடுத்ததுபோல ஆக்கிக்கொள்வது நல்லது.

120 ஃபிரேமுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/240 நொடி. இதற்கு நிறைய வெளிச்சம் வேண்டும். அறைக்குள் எடுத்தால் இருட்டு, பல மின்விளக்குகளில் துடிப்பும் விழும். திறந்த வெளியில் நேர் வெயிலில் எடுங்கள். தனிக் கேமராவானால் லென்ஸ் துளை எஃப்16 (மிகச் சிறிய துளை), ஒளி உணர்திறன் ஐஎஸ்ஓ 200 அல்லது 250 போதும். எஃப்16 ஏனென்றால், பின்னணி மங்கிப்போனால் கண் அதைச் சின்னப் பொருள் என்று முடிவு கட்டிவிடும். முன்னால் இருக்கும் கம்பத்திலிருந்து பின்னால் இருக்கும் மிருகம் வரை எல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். கைபேசியின் சிறிய சென்சார் இந்த விஷயத்தில் பெரிய கேமராவைவிட வசதி. எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மட்டும் மாறாமல் பூட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தூசி எழும்போது படம் வெளிறி இருளும்.

தெருவில் நிற்பவரின் கண் 1.6 மீட்டர் உயரம் என்றால், செட்டில் லென்ஸ் தரையிலிருந்து 6.4 செ.மீ.-ல் இருக்க வேண்டும். கைபேசியைத் தலைகீழாகப் பிடித்தால் லென்ஸ் அவ்வளவு தாழ்வாக வரும். மேலிருந்து பார்க்கும் ஷாட் ஒன்றிரண்டு போதும், அவையும் கட்டட மாடியிலிருந்து ஒருவர் பார்ப்பதாக இருக்கட்டும்.

தூரத்துக் கட்டடங்களை முன்வரிசையைவிட வெளிறிய, சற்று நீலம் கலந்த நிறத்தில் பூசுங்கள். கடைசி வரிசையை மட்டும் விதிவிலக்காக 1:50-ல் செய்தால் 10 மீட்டர் செட்டும் பெரிய நகரமாக விரியும். மிருகம் அந்த வரிசைப் பக்கம் போகவே கூடாது.

இடிய வேண்டிய கட்டடத்துக்குத்தான் அதிக உழைப்பு. சுவர்களை பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் 3, 4 மி.மீ. தடிமனில் வார்த்தெடுங்கள். எடைக்கு எடை 100 பங்கு பிளாஸ்டருக்கு 80 பங்கு தண்ணீர்: வழக்கத்தைவிடத் தண்ணீர் கூடுதல், அதனால் சுவர் பலவீனமாக, எளிதில் நொறுங்கும். உள்பக்கம் பாதி ஆழத்துக்குக் கோணல்மாணலாகக் கீறல் போடுங்கள். நேர்கோடாகக் கீறினால் பிஸ்கட் உடைந்தது போலிருக்கும். நன்றாகக் காய விடுவது முக்கியம். ஈரம் மிச்சமிருந்தால் சுவர் சிதறாமல் பாளமாகச் சாயும். உள்ளே ஒவ்வொரு மாடிக்கும் தளம், அட்டைத் தடுப்பு, குட்டி மேசை நாற்காலி வையுங்கள், ஏனென்றால் உடைந்தபின் வெறும் பெட்டி தெரிந்தால் அந்த ஷாட்டை எதுவும் காப்பாற்றாது. கீழ்த்தளத் தூண்களைக் கம்பியில் கட்டி, மிருகத்தின் கை படும் நொடியில் இழுங்கள். ஒரே கட்டடத்துக்கு இரண்டு மூன்று செட் சுவர் வார்த்து வைப்பது புத்திசாலித்தனம்.

தூசிக்கு முல்தானி மட்டி. மாவு காற்றில் பரவினால் தீப்பற்றும். சிமென்ட் கண்ணையும் நுரையீரலையும் கெடுக்கும். முல்தானி மட்டிக்கும் எல்லோரும் முகக்கவசம் போட வேண்டும். தண்ணீரும் நெருப்பும் சிறிதாவதே இல்லை: 5 மி.மீ. நீர்த்துளி இந்த விகிதத்தில் 12.5 செ.மீ. உருண்டையாகத் தெரியும். அவற்றைத் தனியே எடுத்து எடிட்டிங்கில் சேருங்கள். உடைக்குள் ஆள் இருக்கும்போது செட்டில் எந்தத் தீயும் கூடாது. உடையின் ஃபோம் சட்டென்று தீப்பிடித்துக்கொள்ளும்.

முதலில் செய்த காட்ஸில்லா உடை சுமார் 100 கிலோ, நடிகர் ஹருவோ நகாஜிமா அதற்குள் திணறியிருக்கிறார். உங்கள் உடை 15 கிலோவைத் தாண்ட வேண்டாம். சோபா ஃபோம் மேல் லேடெக்ஸை (திரவ ரப்பரை) மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் ஏற்றுங்கள். மூட்டில் தடித்தால் கிழியும். வாலை ஃபோமில் தைக்காமல் உள்ளே இடுப்பு பெல்ட்டில் மாட்டுங்கள். தலை தனியாகக் கழல வேண்டும், ஒவ்வொரு டேக் முடிந்ததும் கழற்ற வேண்டும். பொதுவில் வெளியிடுவதாக இருந்தால் உருவத்தைச் சொந்தமாக வடிவமையுங்கள்; காட்ஸில்லா டோஹோவுக்குச் சொந்தம்.

நடிப்பவரிடம் மெதுவாக நடக்கச் சொல்லாதீர்கள், மெதுவாக்கும் வேலையைக் கேமரா செய்கிறது. அவர் தலை மேலும் கீழும் குதிக்காமல் நடந்தால் போதும். பாதம் பதியும் கணத்தில் செட் பலகையை அடியிலிருந்து ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், கார்களும் கம்பங்களும் துள்ளும்.

ஒலியைக் கடைசிக்கு விட்டாலும் அலட்சியமாகச் செய்யாதீர்கள். அந்தப் படத்தின் இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபே டபுள் பேஸின் (வயலின் குடும்பத்துப் பெரிய தந்திக் கருவி) தளர்த்திய தந்தியைப் பிசின் தடவிய தோல் கையுறையால் உரசவைத்து, பதிவை மெதுவாக்கி காட்ஸில்லாவின் உறுமலை உண்டாக்கினார். தடித்த தந்தி உள்ள எந்தக் கருவியிலும் முயன்று பார்க்கலாம். ஒலி நொடிக்கு சுமார் 340 மீட்டர்தான் போகும். அதனால் கதையில் மிருகம் 700 மீட்டர் தள்ளி நின்றால், வாய் திறந்து இரண்டு நொடி கழித்து உறுமலை வையுங்கள். காலடிச் சத்தத்துக்கும் அதே கணக்கு.