80 ரூபா லேம்ப் ஷேடுக்கு நாமளே பெயிண்ட் அடிக்கிறது எப்படி

போன மாசம் பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைல ஒரு லேம்ப் ஷேடு வாங்கினேன். 150 சொன்னாரு, பேசிப் பேசி 80க்கு முடிச்சேன். வெறும் ஷேடுதான், ஸ்டாண்டு வீட்லயே ஒண்ணு சும்மா கெடந்துச்சு. ஒரு காலத்துல வெள்ளையா இருந்திருக்கும், நான் வாங்கும்போது டீ வடிகட்டுற துணி கலர்ல இருந்துச்சு.

இது எனக்கு ரெண்டாவது ஷேடு. மொதல் ஷேடை நான் நாசம் பண்ண கதைய சொல்லிட்டா பாதி விஷயம் புரிஞ்சிடும். சுவத்துக்கு அடிக்கிற மாதிரி கரு நீலத்த கெட்டியா ரெண்டு கோட் போட்டேன், பகல்ல பாத்தா அவ்ளோ அழகு, சாயங்காலம் லைட்ட போட்டதும் தேமல் வந்த முதுகு மாதிரி ஆயிடுச்சு. பிரஷ் நின்ன எடமெல்லாம் கருப்பு கோடு, பெயிண்ட் கம்மியா பட்ட எடம் பளிச்சுன்னு. ஏன்னா சுவத்து மேல வெளிச்சம் முன்னாடி இருந்துதான் விழும், ஷேடுல பின்னாடி இருந்து ஊடுருவி வருது, பெயிண்ட் எங்க தடிமன் எங்க மெலிசுன்னு எக்ஸ்ரே மாதிரி காட்டிக் குடுத்துடும். அதனால மெல்லிசா அடிக்கணும், அதுவும் மொத கோட்லேருந்தே பின்னாடி வெளிச்சம் வச்சு பாத்துக்கிட்டே அடிக்கணும்.

வாங்கும்போது வெளிப்பக்கத்த விட உள்பக்கத்த நல்லா பாருங்க. துணிக்கு உள்ள மெல்லிசா ஒரு பிளாஸ்டிக் ஷீட் ஒட்டியிருக்கும், கட்டவிரலால லேசா அமுக்குங்க, கடக்குன்னு சத்தம் கேட்டா ஷீட் மொறுமொறுன்னு ஆயிடுச்சுன்னு அர்த்தம், வச்சிட்டு வந்துடுங்க. மேல் வளையத்துக்கிட்ட பழுப்பா தீஞ்ச மாதிரி இருந்தா பழைய குண்டு பல்பு சூடு, அந்த எடம் சீக்கிரம் கிழியும். கம்பி கோணலா இருந்தா நிமித்திக்கலாம். மடிப்பு மடிப்பா வர்ற சில்க் ஷேடு மட்டும் வேண்டாம், ஒவ்வொரு மடிப்புலயும் பெயிண்ட் தேங்கும். இன்னொண்ணு, உங்க ஹோல்டர கைல கொண்டு போங்க, பின் டைப்புக்கும் ஸ்க்ரூ டைப்புக்கும் வளையத்தோட ஓட்டை சைஸ் வேற வேற, வீட்டுக்கு வந்து மாட்டலன்னா கடுப்பாயிடும்.

தண்ணில முக்கி கழுவிடாதீங்க, பசை விட்டு துணி கொப்புளம் கொப்புளமா எழும்பும். காஞ்ச பெயிண்ட் பிரஷ்ஷால தூசிய தட்டிட்டு, செல்லோ டேப்ப ஒட்டுற பக்கம் வெளிய வர்ற மாதிரி கைல சுத்திக்கிட்டு ஒத்தி எடுத்தா முடி, நூல் எல்லாம் வந்துடும். கம்பில துரு இருந்தா உப்புத்தாள் போட்டு தேய்ச்சிட்டு கலர் இல்லாத நெயில் பாலிஷ் ஒரு கோட் அடிச்சிடுங்க, இல்லன்னா ஈரம் பட்டு துரு துணில ஆரஞ்சா இறங்கும். நான் தங்கச்சி பாட்டில எடுத்துக்கிட்டேன், அவளுக்கு இன்னும் தெரியாது.

பெயிண்ட்டுன்னு வரும்போது மொதல்ல வீட்ட தேடுங்க. பெயிண்டர் விட்டுட்டுப் போன எமல்ஷன் டப்பா அடில கொஞ்சம் இருக்கும், வெள்ளையோ க்ரீமோ எதுவா இருந்தாலும் பேஸ் கோட்டுக்கு அது போதும். மேல கலருக்கு அக்ரிலிக் இல்லன்னா துணி பெயிண்ட், 15 மில்லி பாட்டில் ரெண்டு தாராளம். டிஸ்டம்பர் வேண்டாம், காஞ்சதும் சுண்ணாம்பு மாதிரி கைல ஒட்டும். கேட்டுக்கு அடிக்கிற எனாமல் வேண்டவே வேண்டாம், வீடு பூரா நாத்தம், கொஞ்ச நாள்ல மஞ்சளாவும் ஆயிடும்.

பதம் என்னன்னு கேட்டா, மோர் பதம். தயிர் பதம் இல்ல. ஏறக்குறைய சரிபாதி தண்ணி. பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்ச்ல மெத்துன்னு இருக்கிற பக்கத்த மட்டும் துண்டா வெட்டி, பெயிண்ட்ல தொட்டு, பேப்பர்ல ஒரு தடவ ஒத்தி மிச்சத்த எடுத்துட்டு அப்புறம் ஷேடுல ஒத்துங்க. இழுக்கக் கூடாது, ஒத்தி ஒத்திதான் எடுக்கணும், பிரஷ்ஷுல வர்ற கோடு இதுல வராது. ஷேட ஒரு சின்ன பக்கெட்ட கவுத்து அது மேல வச்சுக்கிட்டா சுத்திக்கிட்டே அடிக்க வசதி. ஆரம்பிச்சா ஒரு முழு சுத்து முடிக்காம எழுந்திருக்காதீங்க, பாதில காஞ்ச எடத்துல ஜாயிண்ட் தெரியும், அப்பதான் யாராவது காலிங் பெல் அடிப்பாங்க.

வெளிச்சத்துக்கு பல்பு மாட்டி ஈரக் கையோட வேலை செய்யாதீங்க. ஒவ்வொரு சுத்தும் முடிஞ்சதும் மொபைல் டார்ச்ச ஆன் பண்ணி ஒரு கண்ணாடி டம்ளர்ல செங்குத்தா போட்டு ஷேடுக்குள்ள வச்சு ரூம் லைட்ட அணைச்சுப் பாருங்க. எங்க இருட்டா இருக்கோ அங்க இனிமே தொடாதீங்க, எங்க பளிச்சுன்னு இருக்கோ அங்க மட்டும் ரெண்டு ஒத்து. இப்படி மூணு கோட். ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஃபேன் காத்துல ரெண்டு மூணு மணி நேரம், மழைக்காலம்னா ராத்திரி பூரா விட்டுடுங்க. வெயில்ல வைக்காதீங்க, சூட்டுல பசை பிரியும். உள்பக்கம் வெள்ளையாவே இருக்கட்டும், அங்க கலர் அடிச்சா வெளிச்சத்தத்தான் முழுங்கும்.

எனக்கு ஒரு பிரச்சனை, ஷேடுல உள்ளங்கை அகலத்துக்கு பழைய தண்ணிக் கறை. எத்தன கோட் அடிச்சாலும் லைட் போட்டா தெரிஞ்சுக்கிட்டே இருந்துச்சு, அதனால கறை மேலயே டிசைன் போட்டுட்டேன். மயிலாப்பூர் மாட வீதில விக்கிற கோல அச்சு, 20 ரூபா. நம்ம ஷேடு 30 செமீ விட்டம், சுத்தளவு 94 செமீ. அந்த நீளத்துக்கு நூல் வெட்டி மூணு தடவ மடிச்சா எட்டு பங்கு, ஒவ்வொண்ணும் கிட்டத்தட்ட 12 செமீ. கறை நடுவுல மொத புள்ளி வச்சு அங்கேருந்து எட்டு எடத்துலயும் பென்சிலால லேசா குறிச்சுக்கிட்டேன். அச்ச மாஸ்கிங் டேப்பால ஒட்டி, இப்போ மட்டும் தயிர் பதம், ஸ்பாஞ்ச் ஏறக்குறைய காஞ்சே இருக்கணும். ஈரமா இருந்தா ஓட்டைக்குள்ள பெயிண்ட் பாஞ்சு புள்ளியெல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேந்து கோலம் கொழகொழன்னு ஆயிடும், என்னோட மூணாவது கோலம் அப்படித்தான், அத சுவத்துப் பக்கம் திருப்பி வச்சிருக்கேன்.

ஓரம் பிசிறா இருந்துச்சுன்னு அம்மாவோட கிழிஞ்ச பட்டுப்புடவை ஜரிகைய மெல்லிசா வெட்டி ஃபெவிகால் வச்சு மேலயும் கீழயும் ஒட்டினேன், துணிக்கு போடுற கிளிப்ப மாட்டி ஒரு ராத்திரி விட்டேன்.

கணக்கு: ஷேடு 80, ரெண்டு பாட்டில் பெயிண்ட் 70, டேப் 30, ஸ்பாஞ்ச் 10, அச்சு 20. மொத்தம் 210.

ஒரு நாள் முழுசா காஞ்சப்புறம் பல்பு மாட்டுங்க, எல்இடி மட்டும், 9 வாட் போதும், வாம் ஒயிட்டா வாங்குங்க, பெட்டில 2700 இல்ல 3000 கெல்வின்னு போட்டிருக்கும். 6500 போட்டா நீங்க பாடுபட்டு அடிச்ச கலர் வெளிறிப் போய் ஆஸ்பத்திரி லைட் மாதிரி இருக்கும். பழைய ஸ்டாண்டோட ஒயர் வெறப்பா இருந்தாலோ வெடிப்பு விட்டிருந்தாலோ எலக்ட்ரீஷியன கூப்பிட்டு மாத்திட்டு அப்புறம் பிளக்க சொருகுங்க.