கையில காசு இல்லன்னா பெரிய காலேஜ் கிடைக்காதா? கடலூர் பக்கத்து பிளஸ் ஒன், பிளஸ் டூ பசங்களுக்கு

நம்ம ஊர்ல காலேஜ் பேச்சே ரிசல்ட் வந்தப்புறம் மே மாசம் தான் ஆரம்பிக்குது, அதுக்குள்ள பாதி இடத்துக்கு டேட் முடிஞ்சு போயிருக்கும். என்ஐடி மாதிரி மத்திய இன்ஜினியரிங் காலேஜுக்கு எழுதற ஜேஇஇ மெயினுக்கு முந்தின வருஷக் கடைசியிலயே அப்ளிகேஷன் போட்டுடணும், மெடிக்கலுக்கு நீட், மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் எல்லாமே ரிசல்ட்டுக்கு முன்னாடியே அப்ளை பண்றது தான். அதனால பிளஸ் ஒன் படிக்கறப்பவே இத படிச்சுட்டு வீட்லயும் காட்டுங்க.

முதல்ல ஒரு விஷயம். பெரிய இடம்னா பெரிய ஃபீஸுன்னு நினைச்சு அப்ளையே பண்ணாம விடறவங்க தான் இங்க அதிகம், உண்மையில நெலம தலைகீழ். ஐஐடில டியூஷன் ஃபீஸ் வருஷத்துக்கு 2 லட்சம், ஆனா குடும்ப வருமானம் 1 லட்சத்துக்குள்ள இருந்தா அது முழுசா தள்ளுபடி, 1 லட்சத்துலேர்ந்து 5 லட்சம் வரைக்கும் மூணுல ரெண்டு பங்கு தள்ளுபடி, எஸ்சி எஸ்டி பசங்களுக்கு டியூஷன் ஃபீஸே கிடையாது. ஹாஸ்டல், மெஸ் தனி. பாண்டிச்சேரி கோரிமேட்டுல இருக்கற ஜிப்மர் நமக்கு பஸ்ல ஒரு மணி நேரம், நீட் மார்க்குல எம்பிபிஎஸ் கெடைச்சா தனியார் காலேஜ் ஃபீஸோட பாக்கறப்ப அங்க கட்டறது ஒண்ணுமே இல்ல. காலாப்பட்டு பாண்டிச்சேரி யுனிவர்சிட்டி, திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகம் ரெண்டுக்கும் க்யூட் எழுதணும். அத எழுதாமலே விட்டுட்டு, வட்டிக்கு வாங்கி ஏதோ ஒரு காலேஜ்ல மேனேஜ்மென்ட் சீட்டுல சேக்கறத பாக்கறப்ப வயிறு எரியுது.

இங்கிலீஷ் பயத்துக்கும் ஒரு வார்த்த. நீட், ஜேஇஇ மெயின், க்யூட் மூணுமே தமிழ்ல எழுதலாம். ஐஐடிக்கு மெயினுக்கு அப்புறம் எழுதற ஜேஇஇ அட்வான்ஸ்டு இங்கிலீஷ், இந்தி மட்டும் தான், சட்டப் படிப்புக்கான கிளாட் இங்கிலீஷ் மட்டும் தான், அதுக்கு பிளஸ் ஒன்லேர்ந்தே பழகணும்.

அடுத்தது 7.5 சதவீதம். ஆறாவதுலேர்ந்து பன்னெண்டாவது வரைக்கும் தமிழ்நாட்டு அரசுப் பள்ளில படிச்சிருந்தா மெடிக்கல்ல 2020-லேர்ந்தும், இன்ஜினியரிங், அக்ரி, வெட்னரி, சட்டம் இதுலல்லாம் 2021-லேர்ந்தும் உள் ஒதுக்கீடு இருக்கு, டியூஷன், ஹாஸ்டல் செலவ அரசே கட்டிடும். அரசு உதவி பெறும் பள்ளி இதுல வராது, நிறைய பேர் இங்க தான் குழம்பறாங்க. ஆர்டிஇ சீட்டுல, அதாவது தனியார் பள்ளில ஃபீஸ் கட்டாம சேர்ற இடத்துல, எட்டாவது வரைக்கும் தனியார்ல படிச்சு ஒன்பதாவதுலேர்ந்து அரசுப் பள்ளிக்கு வந்தவங்களுக்கு உண்டு. பாண்டிச்சேரி எல்லைல ரெட்டிச்சாவடி, கன்னியகோயில் பக்கம் இருக்கறவங்க ரொம்ப கவனமா இருங்க, வீடு இந்தப் பக்கம் ஸ்கூல் அந்தப் பக்கம்னு பிள்ளைய நடுவுல மாத்தினா இங்க 7.5 போயிடும். அங்க எம்பிபிஎஸ்ல அரசுப் பள்ளி பசங்களுக்கு 2023-ல கொண்டுவந்த 10 சதவீதத்துக்கு பாண்டிச்சேரி குடியிருப்புச் சான்று கேப்பாங்க, அப்புறம் ரெண்டு பக்கமும் இல்லாம ஆயிடும்.

இப்ப சர்டிபிகேட். மார்க்கு இருந்தும் சீட்டு நழுவறது பெரும்பாலும் இங்க தான், அதனால கொஞ்சம் விலாவாரியாவே சொல்றேன். மார்க் ஷீட்ல எஸ். கவிதா, ஆதார்ல கவிதா செல்வம், பேங்க் பாஸ்புக்ல வெறும் கவிதான்னு இருந்தா ஸ்காலர்ஷிப் பணம் ஏறாம நிக்கும், அப்ளிகேஷன்லயும் பேரு ஒத்துவராது. பத்தாவது மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அதுக்கு தகுந்த மாதிரி மத்தத பிளஸ் ஒன் லீவுலயே திருத்திடுங்க, பிறந்த தேதியும் சேத்து பாருங்க, பேங்க் அக்கவுன்ட்டோட ஆதார் இணைஞ்சிருக்கான்னும் கேட்டுக்கோங்க. சாதிச் சான்று, வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று, எல்லாமே இ-சேவைல தலா 60 ரூபா தான், அதுக்கு மேல யார் கேட்டாலும் ரசீது கேளுங்க. அண்ணனோ அக்காவோ ஏற்கனவே டிகிரி முடிச்சிருந்தா முதல் பட்டதாரி கிடைக்காது. பிசி, எம்பிசி பசங்க சாதிச் சான்று இருக்கேன்னு சும்மா இருந்துடாதீங்க, மத்திய அரசு இடங்களுக்கு ஓபிசி சான்று தனி, ஐஐடி என்ஐடி அட்மிஷனுக்கு அது அந்த வருஷம் ஏப்ரல் 1-லேர்ந்து வாங்கினதா இருக்கணும்.

வருமானச் சான்றுல தான் எல்லாமே நிக்குது. அப்பாவுக்கு சம்பளச் சீட்டு கிடையாது, கூலி வேலையோ கடல் தொழிலோ தான், அப்ப விஏஓ விசாரிச்சு எழுதறது தான் கணக்கு. அவர் கேக்கறப்ப "ஒரு நாளைக்கு ஐநூறு வரும்"னு மட்டும் சொன்னா அத 365-ஆல பெருக்கிடுவாங்க. உள்ளத உள்ளபடி விவரமா சொல்லுங்க. விசைப்படகுல போறவர்னா ஏப்ரல் 15-லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், அப்புறம் மழை புயல்னு எத்தனை நாள் கரையிலயே கெடக்கறாரு, முந்திரித் தோப்புல வேலன்னா வருஷத்துல எத்தனை மாசம் தான் வேல இருக்கு, இதெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிட்டு போங்க. 1 லட்சத்துக்கு கொஞ்சம் மேல எழுதிட்டா கூட முழு தள்ளுபடி மூணுல ரெண்டா ஆயிடும். சான்று கைக்கு வந்ததும் தொகைய அங்கயே பாத்துடுங்க.

மார்க்கு மட்டும் பாக்காத இடங்களும் இருக்கு. பெங்களூரு அஸிம் பிரேம்ஜி யுனிவர்சிட்டி, ஹரியானால அசோகா யுனிவர்சிட்டி, இங்கல்லாம் குடும்ப வருமானம் பாத்து ஃபீஸ், ஹாஸ்டல், சாப்பாடு முழுசும் கூட தள்ளுபடி தருவாங்க, அந்த உதவி வேணும்னு அப்ளிகேஷன் போடறப்பவே கேட்டுடணும். இன்டர்வியூ உண்டு, கட்டுரையும் எழுதச் சொல்லலாம். நாங்க ரொம்ப ஏழ்மையான குடும்பம்னு ஆரம்பிச்சு ஒரு பக்கம் எழுதாதீங்க, அந்த விவரம் வருமானச் சான்றுலயே இருக்கு. நீங்க என்ன பண்றீங்கன்னு எழுதுங்க. பண்ருட்டி பக்கம் அம்மாவோட உக்காந்து முந்திரி உடைக்கற பொண்ணுன்னா, தோலு எண்ணெய் பட்டு விரல் எப்படி கறுத்துப் புண்ணாகுது, கிலோவுக்கு எவ்ளோ கூலி, அதே பருப்பு கடையில என்ன விலைக்குப் போகுது, நடுவுல யார் யார் கைக்குப் போகுதுன்னு எழுதினா அது எக்கனாமிக்ஸ் தான், அவங்களுக்கு வேண்டியது அது தான்.

அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்குக்கு என்ட்ரன்ஸ் கிடையாது, பிளஸ் டூ மார்க்க வெச்சு 200-க்கு கட் ஆஃப், அண்ணா யுனிவர்சிட்டியோட சொந்த காலேஜான கிண்டி, எம்ஐடி எல்லாத்தையும் சாய்ஸ்ல மேல போடுங்க, கிடைக்காதுன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க, கிடைக்கலன்னா அதுவா கீழ இருக்கற சாய்ஸுக்குப் போயிடும்.

பணம் எங்க மாட்டுதுன்னா அலாட்மென்ட் அன்னிக்கு. ஐஐடி என்ஐடி சீட்டுக்கு சமீப வருஷங்கள்ல 30,000, எஸ்சி எஸ்டிக்கு 15,000, சில நாளுக்குள்ள ஆன்லைன்ல கட்டணும், தள்ளுபடி எல்லாம் அப்புறம் தான். ஜூன்ல வீட்ல தொழிலும் இருக்காது, அதனால தலைமையாசிரியர்கிட்டயும் சொந்தக்காரங்ககிட்டயும் ஏப்ரல்லயே சொல்லி வைங்க. கல்விக் கடன் தேவைன்னா பிஎம் வித்யாலட்சுமி போர்ட்டல்ல அப்ளை பண்ணலாம், பட்டியல்ல இருக்கற காலேஜுக்கு அடமானம் கேக்கக் கூடாது.

சேந்தப்புறம் தகுதி இருந்தா பொண்ணுங்களுக்கு புதுமைப் பெண், பையன்களுக்கு தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபா வரும், காலேஜ் ஆபீஸ்ல கேட்டு பதிஞ்சுக்கோங்க. ஸ்காலர்ஷிப் எதுவா இருந்தாலும் வருஷா வருஷம் புதுப்பிக்கணும், ஊருக்கு லீவுல வர்றப்ப அந்த வருஷத்து வருமானச் சான்றையும் எடுத்துட்டு போயிடுங்க.